ஓட்டை விழுந்த கப்பல், ஓட்டை விழுந்த விதி: விண்வெளி ரோல்பிளேயிங் ஆட்டத்தைத் திருத்துவது எப்படி?

ரோல்பிளேயிங் ஆட்டம் என்றால், மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டிக் கதையை நகர்த்துவது. எங்கள் குழு ஆடும் விண்வெளி ரோல்பிளேயிங் ஆட்டத்தில் ஒரு விதி இருந்தது. கப்பலின் சுவரில் ஓட்டை விழுந்தால், உள்ளே இருக்கிற ஒவ்வொருவரும் ஒவ்வொரு சுற்றிலும் மூச்சுக்கு ஒரு தடவை, பிடிமானத்துக்கு ஒரு தடவை பகடை உருட்ட வேண்டும். அப்புறம் விண்வெளி உடை கிழிந்ததா என்று ஓர் அட்டவணையைப் பார்க்க வேண்டும். கதையில் 18 விநாடி நடந்த சம்பவத்தை மேசையில் முடிக்க அரை மணி நேரம் ஆனது. சலித்துப்போய் அந்த விதியையே தூக்கிவிட்டோம்.

அடுத்த இரண்டு செஷன்களில், அதாவது அடுத்து இரண்டு தடவை கூடி ஆடியபோது, ஒரு வேடிக்கை. கப்பலுக்குள் ஆளாளுக்குத் துப்பாக்கியை எடுத்துச் சுட ஆரம்பித்துவிட்டார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் வெற்றிடம் இருக்கிறது என்ற பயமே யாருக்கும் இல்லை. ஒரு சரக்குக் கிடங்கில் நடக்கிற சண்டைக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. மோசமான விதிதான், ஆனால் அது ஒரு வேலை பார்த்துக்கொண்டிருந்தது. அந்த வேலைக்கு வேறு ஆள் போடாமலே அதை வீட்டுக்கு அனுப்பிவிட்டோம்.

முதன்முதலாக ஓர் ஆட்டத்தின் விதிகளில் கை வைக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் ஜிஎம்மாக, அதாவது ஆட்டத்தை நடத்துபவராக இருக்கலாம். வெறும் ஆட்டக்காரராகவும் இருக்கலாம். நாலைந்து செஷன் ஆடியிருந்தால் போதும். அதுகூட ஆடவில்லை என்றால் கொஞ்சம் பொறுங்கள், காரணம் கீழேயே வருகிறது.

முதலில் கை வைக்காமல் ஆடுங்கள்

புத்தகத்தில் எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே குறைந்தது மூன்று செஷன் ஆடிப் பாருங்கள். படிக்கும்போதே "இது சரிப்படாது" என்று தோன்றும் விதிகளில் பல, மேசையில் நன்றாகவே ஓடும். படிக்க அழகாக இருந்த சில விதிகள் மேசையில் படுத்துவிடும். படித்தே தீர்ப்புச் சொல்வது சமையல் குறிப்பைப் படித்துவிட்டு உப்பு போதாது என்று சொல்வது மாதிரி.

இந்த மூன்று செஷனில் உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. ஒரு நோட்டை வைத்துக்கொண்டு, ஆட்டம் எங்கெல்லாம் நிற்கிறதோ அங்கெல்லாம் ஒரு வரி எழுதுங்கள். யாராவது புத்தகத்தைப் புரட்டினால் எழுதுங்கள். இரண்டு பேர் வாதாடினால் எழுதுங்கள். ஜிஎம் பெருமூச்சு விட்டாலும் எழுதுங்கள். என்ன கேள்வி, எத்தனையாவது பக்கம், எவ்வளவு நேரம் என்பது மட்டும் போதும். தீர்வு எதையும் அந்த நேரத்தில் எழுத வேண்டாம்.

மூன்று செஷன் முடிந்ததும் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு குறி போடுங்கள். விதி புத்தகத்தில் இருந்தது, தேடிக் கிடைக்கவில்லை என்றால் "தேடல்". கிடைத்தது, ஆனால் இரண்டு பேர் இரண்டு விதமாகப் புரிந்துகொண்டார்கள் என்றால் "வாசகம்". புரிந்தது, ஆனால் நேரத்தைத் தின்றது என்றால் "வேகம்". எல்லாம் சரியாக நடந்தும் கதைக்குப் பொருந்தாத ஒரு விளைவைக் கொடுத்தது என்றால் "விளைவு".

எங்கள் நோட்டில் பாதிக்கு மேல் முதல் இரண்டு குறிகள்தான். அதாவது எண்களிலோ பகடையிலோ எந்தத் தப்பும் இல்லை. ஒரு பத்தியை இடம் மாற்றினால், ஒரு வாக்கியத்தைத் திருப்பி எழுதினால் தீர்ந்துவிடும் பிரச்சினைகள். புதிதாகத் திருத்த வருகிறவர்கள் நேராகக் கணக்கில் இறங்கிவிடுவார்கள், ஏனென்றால் அது சுவாரசியமான வேலை. நானும் அப்படித்தான் இறங்கினேன். காயத்துக்குப் புது முறை ஒன்று கண்டுபிடித்து இரண்டு வாரம் உழைத்த பிறகுதான் தெரிந்தது, பழைய முறையில் நாங்கள் ஒரு வரியைப் படிக்காமல் விட்டிருக்கிறோம் என்று.

இந்த விதி என்ன வேலை பார்க்கிறது?

"வேகம்", "விளைவு" என்று குறி போட்டவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி: இந்த விதி இருப்பதால் ஆட்டக்காரர்கள் எதைச் செய்கிறார்கள், எதைச் செய்யப் பயப்படுகிறார்கள்? பதிலை ஒரே வரியில் எழுதுங்கள். எழுத வரவில்லை என்றால் அந்த விதியை இன்னும் தொடாதீர்கள்.

இதற்கு நல்ல உதாரணம் 1977-இல் வந்த டிராவலர். அறிவியல் புனைவு ரோல்பிளேயிங்கில் ஆரம்பகால ஆட்டங்களில் ஒன்று, இன்னும் புதுப் பதிப்புகள் வந்துகொண்டிருக்கின்றன. அதில் கேரக்டரை, அதாவது நீங்கள் ஆடப்போகும் பாத்திரத்தை, உருவாக்குவதே ஒரு குட்டி ஆட்டம். 18 வயதில் ராணுவத்திலோ வணிகக் கப்பலிலோ சேர்கிறீர்கள். நான்கு நான்கு வருடமாக வாழ்க்கை நகர்கிறது. ஒவ்வொரு நான்கு வருடத்திலும் புதுத் திறமைகள் கிடைக்கும். கூடவே பிழைத்தீர்களா என்று ஓர் உருட்டல். முதல் பதிப்பில் அந்த உருட்டலில் தோற்றால் கேரக்டர் செத்தே போய்விடும். ஆட்டம் ஆரம்பிப்பதற்கு முன்பே!

கேட்டதும் சிரிப்பு வரும். இது என்ன முட்டாள்தனம், தூக்கி எறி என்றுதான் தோன்றும். ஆனால் ஒரு வரி பதில் எழுதிப் பாருங்கள்: "இன்னும் நான்கு வருடம் இருந்து கூடுதல் திறமை வாங்கலாமா, இருப்பதோடு கிளம்பிவிடலாமா என்று ஆட்டக்காரரைத் தயங்க வைக்கிறது." அந்தத் தயக்கம்தான் சரக்கு. அது இல்லாவிட்டால் எல்லோரும் முடிந்தவரை இழுத்து எல்லாத் திறமையும் வாங்கிவிடுவார்கள். பின்னால் வந்த பதிப்புகள் தயக்கத்தை வைத்துக்கொண்டு தண்டனையை மட்டும் மாற்றின: சாவுக்குப் பதிலாக ஒரு விபத்து, அந்த வேலையிலிருந்து வெளியேற்றம். செத்தவனிடம் கதை கிடையாது. காலில் அடிபட்டு வெளியே துரத்தப்பட்டவனிடம் கதை இருக்கிறது.

அதே ஆட்டத்தில் கப்பல் கடன் என்று ஒரு விதியும் உண்டு. கப்பலின் விலையில் 240-இல் ஒரு பங்கை மாதா மாதம் கட்ட வேண்டும், 40 வருடத்துக்கு. கணக்கு நோட்டு வேலைதானே, சலிப்பாக இருக்கிறதே என்று இதை வெட்டிவிடத் தோன்றும். வெட்டினால் சந்தேகமான சரக்கை ஏற்றவோ, ஆபத்தான வேலையை ஒப்புக்கொள்ளவோ யாருக்கும் ஒரு காரணமும் இருக்காது. சலிப்பு தருகிற எல்லா விதியும் வெட்ட வேண்டியது இல்லை.

36 கட்டங்கள்

இப்போது பகடை. இரண்டு ஆறுமுகப் பகடையைக் கூட்டிப் பார்க்கும் ஆட்டம் என்றால் மொத்தம் 36 விதமாக விழலாம். அதில் 7 வருவது 6 விதம், 8 வருவது 5 விதம், 12 வருவது ஒரே ஒரு விதம். ஒரு தாளில் ஆறுக்கு ஆறு கட்டம் போட்டு நீங்களே எண்ணிப் பாருங்கள், பத்து நிமிட வேலை. இலக்கு எண்ணோ அதற்கு மேலோ விழும் வாய்ப்பு இப்படி வரும்:

6 தேவை என்றால் 36-இல் 26 (72 சதவீதம்)
7 என்றால் 21 (58)
8 என்றால் 15 (42)
9 என்றால் 10 (28)
10 என்றால் 6 (17)
11 என்றால் 3 (8)
12 என்றால் 1 (3)

இதில் பார்க்க வேண்டியது இடைவெளிகளை. 8 தேவைப்படும் இடத்தில் ஒரு +1 கொடுத்தால், அதாவது விழுந்த எண்ணோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ளச் சொன்னால், 15 விதம் 21 ஆகிறது, பெரிய உதவி. 12 தேவைப்படும் இடத்தில் அதே +1, ஒன்றை மூன்றாக்குகிறது, அவ்வளவுதான். 20 முகப் பகடை ஒன்றை உருட்டும் ஆட்டத்தில் இந்தப் பிரச்சினை இல்லை. அங்கே +1 என்றால், விளிம்பைத் தாண்டாதவரை எப்போதும் 5 சதவீதம். அதனால் அங்கிருந்து ஒரு விதியை அப்படியே தூக்கிவந்து இங்கே வைக்கக் கூடாது. ஒரே "+1", இரண்டு வேறு பொருட்கள்.

நாங்கள் மாட்டிக்கொண்ட இடம் இதுதான். குறி பார்த்தால் +1, லேசர் குறி இருந்தால் +1, கிட்டத்தில் இருந்தால் +1, திறமைக்கு +1. ஒவ்வொன்றாகப் பார்த்தால் நியாயமான விதிகள், ஒவ்வொன்றும் வேறு வேறு மாதம் சேர்த்தவை. நான்கும் சேர்ந்தால் 8 தேவைப்பட்ட இடத்தில் 4 போதும், 36-இல் 33, கிட்டத்தட்ட 92 சதவீதம். உருட்டுவதற்கே அர்த்தம் இல்லை.

சரி, எப்படித் திருத்தினோம்? சாதகம் ஒன்று இருந்தாலும் நாலு இருந்தாலும் ஒரே பலன்: மூன்று பகடை உருட்டி, பெரிய இரண்டை மட்டும் கூட்டிக்கொள்ளுங்கள். திறமைக்கு மட்டும் பழைய +1 அப்படியே. திறமையே இல்லாதவர் மூன்று பகடையோடு 8 எடுக்கும் வாய்ப்பு 216-இல் 147, அதாவது 68 சதவீதம். 42-இலிருந்து 68 என்பது கையில் தெரிகிற உதவி, ஆனால் உறுதி இல்லை. இது எங்கள் கண்டுபிடிப்பு என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். டிராவலரின் 2016 பதிப்பில் இதே வழி ஏற்கெனவே இருக்கிறது. திருத்த உட்காருவதற்கு முன் நாலு ஆட்டங்களைப் படித்துவிடுவது நேரத்தை மிச்சம் பண்ணும்.

அறிவியல் எங்கே உதவும், எங்கே இழுத்துவிடும்

வாள், மந்திரம் ஆட்டத்தில் இல்லாத ஒரு வசதி இங்கே இருக்கிறது. எண் என்ன வைப்பது என்று தெரியாதபோது உலகத்தையே கேட்கலாம்.

ஓட்டை விதிக்கு அதைத்தான் செய்தோம். வெற்றிடத்தில் உடையில்லாமல் மாட்டிய மனிதருக்குச் சுமார் 10 முதல் 15 விநாடிதான் சுயநினைவு இருக்கும். எங்கள் ஆட்டத்தில் ஒரு சுற்று 6 விநாடி. ஆக, இரண்டு சுற்று. பகடையே தேவையில்லை: உங்களுக்கு இரண்டு செயல் இருக்கிறது, என்ன செய்கிறீர்கள்? மேசையில் அதுவரை இல்லாத அமைதி அன்றைக்கு வந்தது.

இன்னொரு பக்கம், எல்லா ஓட்டையும் இப்படி இல்லை. 2018 ஆகஸ்ட் இறுதியில் சர்வதேச விண்வெளி நிலையத்தோடு இணைந்திருந்த சோயுஸ் என்ற ரஷ்ய விண்கலத்தில் சுமார் 2 மில்லிமீட்டர் அளவில் ஒரு துளை இருந்தது. காற்றழுத்தம் மெல்லக் குறைவதைத் தரையில் இருந்தவர்கள் கவனித்தார்கள். உடனடி ஆபத்து இல்லை என்பதால் தூங்கிக்கொண்டிருந்த வீரர்களை எழுப்பக்கூட இல்லை. விடிந்த பிறகு தேடிப் பிடித்து எப்பாக்ஸி பசை வைத்து அடைத்தார்கள். படங்களில் பார்த்துப் பழகிய "ஒரு தோட்டா, எல்லோரும் வெளியே உறிஞ்சப்படுவார்கள்" என்பது எங்கள் பழைய விதிக்குள்ளும் புகுந்திருந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

பயண நேரமும் இப்படித்தான். பாதி தூரம் வேகத்தைக் கூட்டி, பாதியில் கப்பலைத் திருப்பி, மீதி தூரம் வேகத்தைக் குறைக்கும் கப்பலுக்கு ஒரு எளிய கணக்கு உண்டு: தூரத்தை முடுக்கத்தால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, இரண்டால் பெருக்குங்கள். பூமிக்கும் சூரியனுக்கும் இடைப்பட்ட 15 கோடி கிலோமீட்டரை, பூமியின் ஈர்ப்புக்குச் சமமான முடுக்கத்தில் கடக்க ஏறக்குறைய 3 நாள். தூரம் இரட்டிப்பானால் நேரம் இரட்டிப்பாகாது, 1.4 மடங்குதான். பழைய விதியில் நாங்கள் பேருந்து மாதிரி ஒரு நிலையான வேகம் வைத்திருந்தோம்.

இங்கேதான் ஜாக்கிரதை வேண்டும். இந்தக் கணக்கு போதைப்பொருள் மாதிரி. வெப்பம் வெளியேறுவது, எரிபொருள் நிறை, சுற்றுப்பாதைச் சாய்வு என்று போய்க்கொண்டே இருக்கலாம். கணக்கை வீட்டில் போடுங்கள். மேசைக்கு மூன்று வரி அட்டவணை மட்டும் வரட்டும்: நிலவு, பக்கத்துக் கோள், வெளிக் கோள். யாரும் மேசையில் வர்க்கமூலம் எடுக்கக் கூடாது.

எந்த உண்மையை எடுத்துக்கொள்வது என்பதற்கு என் அளவுகோல் ஒன்றுதான்: அது ஆட்டக்காரருக்கு ஒரு முடிவைக் கொடுக்கிறதா? பூமியிலிருந்து செவ்வாய்க்கு ஒரு செய்தி போய்ச்சேர சுமார் 3 முதல் 22 நிமிடம் ஆகும். அதாவது உதவி கேட்டால் பதில் வருவதற்குள் சண்டை முடிந்திருக்கும். இது முடிவைக் கொடுக்கிறது, வைத்துக்கொள்ளுங்கள். கப்பலின் உலோகக் கலவை என்ன என்பது கொடுக்கவில்லை, விட்டுவிடுங்கள்.

பழைய ஆட்டத்தைத் திருத்துகிறவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. அந்தக் காலத்து விதிகளில் கப்பலின் கணினி டன் கணக்கில் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். கைபேசிக் காலத்தில் இது கேலிக்கூத்துதான், மாற்றலாம். ஆனால் கணினியைச் சட்டைப்பைக்குள் போட்டால், "கணினி அறையைப் பிடித்தவனுக்கே கப்பல்" என்ற கதை போய்விடும். அது உங்களுக்கு வேண்டுமா என்று முடிவு பண்ணிவிட்டு மாற்றுங்கள்.

ஒரு தடவைக்கு ஒரு திருத்தம்

இரண்டு விதியை ஒரே நேரத்தில் மாற்றினால், எது வேலை செய்தது, எது கெடுத்தது என்று தெரியாது. ஒன்றை மாற்றுங்கள், இரண்டு செஷன் ஆடுங்கள், அப்புறம் அடுத்தது. மெதுவாகத்தான் இருக்கும்.

ஒவ்வொரு திருத்தத்துக்கும் தேதி, பழைய விதி, புதிய விதி, காரணம் என்று நாலு வரி எழுதி வையுங்கள். காரணத்தை மறக்காமல் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து உங்களுக்கே "இதை ஏன் மாற்றினோம்?" என்று வரும், எழுதி வைக்காவிட்டால் பழைய தவறுக்கே திரும்பிப் போவீர்கள். புத்தகத்தில் பழைய விதியின் மேல் ஒட்டுத்தாள் ஒட்டிவிடுவதும் நல்லது. பிடிக்காவிட்டால் உரித்துவிடலாம்.

ஒரு விதி புத்தகத்தில் ஒரே இடத்தில் மட்டும் இருப்பதில்லை. கேரக்டர் தாளில் ஒரு கட்டமாக, ஆயுத அட்டவணையில் ஒரு நெடுவரிசையாக, எடுத்துக்காட்டில் ஓர் உரையாடலாக எங்கெங்கோ ஒளிந்திருக்கும். அந்தச் சொல்லைக் கோப்பு முழுக்கத் தேடி எல்லா இடத்திலும் மாற்றுங்கள். எடுத்துக்காட்டுகள்தான் பெரும்பாலும் விட்டுப்போகும். ஆனால் புதிதாகப் படிப்பவர் விதியை விட்டுவிட்டு எடுத்துக்காட்டைத்தான் முதலில் பார்ப்பார்.

தமிழில் விதி எழுதும்போது

தமிழில் விதி எழுதுகிறவர்களுக்குச் சில பொறிகள் இருக்கின்றன. நான் எல்லாவற்றிலும் விழுந்து எழுந்தவன்.

"8-க்கு மேல் எடுத்தால் வெற்றி." 8 விழுந்தால்? ஒருவர் வெற்றி என்பார், இன்னொருவர் தோல்வி என்பார், இருவருமே சரி. "8 அல்லது அதற்கு மேல்" என்று எழுதுங்கள். "3 சுற்று வரை" என்றால் மூன்றாவது சுற்று சேர்த்தியா? "மூன்றாவது சுற்றின் முடிவு வரை" என்றால் சண்டை இல்லை.

"சுற்று", "முறை", "தடவை" இவற்றை நாம் பேச்சில் மாற்றி மாற்றிச் சொல்வோம். விதியில் ஒவ்வொன்றுக்கும் ஒரே பொருள். எங்கள் ஆட்டத்தில் எல்லோரும் ஒருமுறை ஆடி முடிப்பது சுற்று, ஒருவருடைய வாய்ப்பு முறை. (இந்த வாக்கியத்திலேயே "ஒருமுறை" புகுந்துவிட்டது, பாருங்கள். புத்தகத்தில் இதைத் தேடித் தேடி எடுக்க வேண்டியிருந்தது.) அழகுக்காக ஒரே பொருளுக்கு மூன்று சொல் போடும் பழக்கத்தைக் கட்டுரைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

"உருட்டலாம்" என்றால் விருப்பம், "உருட்ட வேண்டும்" என்றால் கட்டாயம். மரியாதைக்காக "உருட்டலாம்" என்று எழுதிவிடாதீர்கள். "அவர் ஒரு காயம் பெறுவார்" என்பதில் அவர் யார்? சுட்டவரா, சுடப்பட்டவரா? ஒவ்வொரு தடவையும் சொல்லிவிடுங்கள். பாதி என்று வந்தால், 5-இல் பாதி 2-ஆ 3-ஆ என்று ஒரே ஒரு இடத்தில் சொல்லி வைத்துவிடுங்கள்.

வேறு குழுவிடம் கொடுங்கள்

முதலில் தனியாகச் சோதியுங்கள். ஒரே சண்டையைக் கதை இல்லாமல் பத்துத் தடவை நீங்களே இரண்டு பக்கமும் ஆடி, எத்தனை சுற்றில் முடிகிறது என்று மட்டும் குறியுங்கள். பெரிய ஓட்டைகள் இதிலேயே தெரிந்துவிடும். அப்புறம் உங்கள் குழு.

ஆனால் உங்கள் குழுவுக்கு நீங்கள் பக்கத்தில் இருக்கிறீர்கள். எழுதாமல் விட்டதை உங்கள் வாய் நிரப்பிவிடும். அதனால் மூன்றாவது கட்டமாக, உங்களைத் தெரியாத ஒரு குழுவிடம் தாளை மட்டும் கொடுங்கள். அனுமதித்தால் மூலையில் உட்காருங்கள், ஆனால் பேசக் கூடாது. தப்பாக ஆடினாலும் பேசக் கூடாது. அவர்கள் தப்பாக ஆடுவதைத்தான் பார்க்க வந்திருக்கிறீர்கள். எனக்கு இது மிகவும் கஷ்டமாக இருந்தது, நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முடிந்ததும் "எப்படி இருந்தது?" என்று கேட்காதீர்கள். "நல்லா இருந்தது" என்றுதான் வரும், மனிதர்கள் நல்லவர்கள். எப்போது கைபேசியை எடுத்தீர்கள்? எதைச் செய்ய நினைத்து விதியைப் பார்த்து விட்டுவிட்டீர்கள்? இன்று நடந்ததை ஒரு நண்பரிடம் எப்படிச் சொல்வீர்கள்? இப்படிக் கேளுங்கள். அவர்கள் தீர்வும் சொல்வார்கள். தீர்வைப் பணிவாகக் கேட்டுவிட்டு, அதற்குப் பின்னால் இருக்கும் குறையை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். "லேசருக்குச் சேதம் கூட்டுங்கள்" என்பவர் பல சமயம் சொல்ல வருவது, "என் முறை வருவதற்குள் சண்டை முடிந்துவிடுகிறது" என்பதுதான்.

திருத்தியதைப் பொதுவில் பகிர நினைத்தால் ஒன்று. அமெரிக்காவில் ஆட்ட முறைக்குக் காப்புரிமை (காப்பிரைட்) கிடையாது, அதை விளக்கும் எழுத்துக்கும் ஓவியத்துக்கும் உண்டு. மற்ற நாடுகளில் நுணுக்கம் மாறும். அதனால் மற்றவரின் வாசகத்தை நகலெடுக்காமல் உங்கள் சொற்களில் எழுதுங்கள், உலகப் பெயர்களை எடுக்காதீர்கள், உரிமத்தைப் படியுங்கள். சில ஆட்டங்கள் தாராளமாகவே திறந்து கிடக்கின்றன. வாள், மந்திர ஆட்டமான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் அடிப்படை விதித்தொகுப்பு ஒன்று 2023 ஜனவரியில், மூலத்தைக் குறிப்பிட்டு யாரும் பயன்படுத்தலாம் என்கிற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளிவந்தது.

கடைசியாக எங்கள் ஓட்டை விதி இப்போது எப்படி இருக்கிறது என்று காட்டிவிடுகிறேன். முன்பு ஒன்றரைப் பக்கம். இப்போது இவ்வளவுதான்:

"தோட்டாத் துளை: ஆறு கட்டம் கொண்ட ஒரு வட்டம் வரையுங்கள். கதையில் 10 நிமிடத்துக்கு ஒரு கட்டம் நிரப்புங்கள். கை நுழையும் ஓட்டை: அதே வட்டம், ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஒரு கட்டம். வட்டம் நிரம்பினால் அந்த அறையில் காற்று இல்லை. ஆள் நுழையும் பிளவு: வட்டம் இல்லை, உடனே காற்று இல்லை. காற்று இல்லாத அறையில் உடை அணியாதவருக்கு இரண்டு முறை மட்டும் உண்டு. இரண்டாவது முறையின் முடிவில் அவர் மயங்குவார்."

ஓடிக்கொண்டிருந்த கேம்பெயினின், அதாவது பல செஷன்களாகத் தொடரும் ஒரே கதையின், நடுவில்தான் இதை அறிமுகப்படுத்தினோம். அதனால் பழைய விதியை நம்பி மூச்சுப் பயிற்சித் திறமை வாங்கி வைத்திருந்த ஆட்டக்காரரிடம் முதலிலேயே பேசி, அந்தப் புள்ளிகளை வேறு திறமைக்கு மாற்றிக்கொள்ளச் சொன்னோம். அவர் மாற்றவில்லை. "எனக்கு மட்டும் மூன்று முறை கொடுங்கள், போதும்" என்றார். அதையும் ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டியாயிற்று.